தோளுக்கு எது பயிற்சி?

(உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினாலே தோள் வலிக்குது" என்றான். தோள் அகலமாக வேண்டும் என்ற ஆசையில், பார்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி ஏற்றும் பயிற்சியை இரண்டு மாதமாகச் செய்துவந்தான். அதைப் பார்த்து, "சபாஷ், இன்னும் கொஞ்சம் எடை சேர்" என்று சொன்னவன் நான்தான்.

தோள்மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு என்று நாமே வகுப்பில் சொல்கிறோம். இடுப்பில் அந்தக் கிண்ணம் ஆழமானது. தோளில் ஆழம் குறைவு. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. எளிதில் காயம்படுவதும் அதனால்தான். பந்தைக் கிண்ணத்தில் நிலையாகப் பிடித்திருப்பவை நான்கு சிறு தசைகள். வெளியே தெரியும் டெல்டாய்டு தசைக்கு முன், நடு, பின் என மூன்று பகுதிகள் உண்டு. மாணவர்கள் கண்ணாடியில் தெரியும் முன்பகுதிக்கே உழைக்கிறார்கள்.

நான் இப்போது மாணவர், மாணவியர் இருபாலருக்கும் இந்த வரிசையில் கற்றுத்தருகிறேன்.

முதலில் தண்டால், முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். இரண்டாவது, முதுகை நேராக வைத்துக் குனிந்து, முழங்கைகளை விரித்து, எடையை மார்பை நோக்கி இழுப்பது. இது பின்பகுதிக்கு. மூன்றாவது, கைகளைச் சற்று முன்தள்ளிப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை மட்டும் உயர்த்துவது. இவை கைவந்த பிறகே, முகத்துக்கு முன்னால் டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது.

டம்பெல் இல்லாத பள்ளியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அது ஏறத்தாழ ஒரு கிலோ. 12 முறை பிசகாமல் செய்ய முடிந்தால்தான் எடையைக் கூட்ட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒருநாள் செய்தால் மறுநாள் தோளுக்கு ஓய்வு.

கழுத்துக்குப் பின்னால் இறக்குவதையும், கம்பியைத் தாடை வரை இழுப்பதையும், 'யார் அதிகம் தூக்குவது' என்ற பந்தயத்தையும் நிறுத்திவிட்டேன்.

ஒலிம்பிக் பளுதூக்குதலில் 'பிரஸ்' என்றொரு பிரிவு இருந்தது. வீரர்கள் முதுகைப் பின்னால் வளைத்தே எடையைத் தூக்கத் தொடங்கினர். நடுவர்களால் சரியாகத் தீர்ப்பளிக்க முடியவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அது கைவிடப்பட்டது. எடை கூடும்போது முறை குலையும் என்பது உலக வீரர்களுக்கும் பொருந்தும் என்றால், நம் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்?

அந்த மாணவன் மருத்துவரைப் பார்த்து, மூன்று மாதம் ஓய்வெடுத்து, மீண்டும் கபடி ஆடினான். ஆனால் அதற்குள் அந்த ஆண்டின் மாவட்டப் போட்டி முடிந்துவிட்டது. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை.

எடையைப் பார்த்து இனி யாரையும் பாராட்டாதீர்கள். முறையைப் பார்த்துப் பாராட்டுங்கள்.