பிள்ளைகளின் இருதயமும் சங்கங்களின் கடமையும்

வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ் மக்கள், சென்ற இடத்தில் முதலில் மூன்று காரியங்களைச் செய்வது வழக்கம். வழிபடக் கோயில் ஒன்று எழுப்புவர். பிள்ளைகள் தாய்மொழி பயில வகுப்பு ஒன்று தொடங்குவர். கூடிப் பேசச் சங்கம் ஒன்று அமைப்பர். டில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் இம்மூன்றையும் இன்றும் காண்கிறோம். இவற்றோடு நான்காவது பணி ஒன்றையும் நாம் மேற்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளின் இருதயத்தைக் காக்கும் நற்பழக்கங்களைப் பலரும் கூடி வளர்ப்பதே அப்பணி.

இருதய நோய் முதுமைக்கு உரியதாயிற்றே, பிள்ளைகளுக்கும் அதற்கும் தொடர்பு என்ன என்று சிலர் வினவலாம். நோய் வெளிப்படுவது பிற்காலத்தில்தான். ஆனால் அதன் வித்து விழுவது இளமையில். கொரியப் போரில் உயிர்நீத்த அமெரிக்கப் போர்வீரர் 300 பேருடைய இருதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. போருக்குத் தகுதியுடையவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விளைஞருள் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோருக்கு, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் நோயின் அறிகுறி காணப்பட்டது. பின்னர் 1973-இல் லூசியானா மாநிலத்துப் பொகலூசா என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அது பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவது இளம் பருவத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்பதை உறுதிப்படுத்தியது.

நாம் கூடுதலாகக் கவலைகொள்ளக் காரணமும் உண்டு. பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு நேரும் வயது ஏறத்தாழ 53 என்றும், பிற நாட்டினரைவிட இது சுமார் 6 ஆண்டு முந்தியது என்றும் அது கூறிற்று. ஐம்பத்து மூன்று என்பது மகளின் படிப்பு முடியாத வயது. வீட்டுக் கடன் அடையாத வயது. சொந்த ஊரிலாயின் அண்ணனோ மாமனோ அடுத்த தெருவில் இருப்பர். நள்ளிரவில் கதவைத் தட்ட உறவினர் இல்லாத ஊரில், உழைத்துப் போடும் ஒருவர் சாய்ந்தால் குடும்பம் முழுவதும் சாய்கிறது. இன்று நம் மடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்நிலை வாராமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

வீட்டில் தாய் எவ்வளவு கருத்தோடு சமைத்தாலும், பிள்ளை பாதிப் பொழுதைக் கழிப்பது தோழரோடு. தோழன் பருகும் பானத்தைத் தானும் பருக விரும்புகிறது. தோழன் ஓடி ஆடினால் தானும் ஓடுகிறது. ஆகவே, ஒரு வீட்டின் அறிவுரை மட்டும் போதாது, சூழலே மாறவேண்டும். இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. இருதயத்தின் பெரும்பகையாகிய புகையிலையைப் பள்ளிச் சிறுவரிடமிருந்து விலக்குவதற்காக, ‘மைத்ரி’ என்னும் திட்டம் 2004 முதல் 2006 வரை டில்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. வகுப்பில் பாடம், சுவரொட்டிகள், பெற்றோரின் பங்கு, மாணவரே மாணவருக்கு வழிகாட்டுதல் ஆகிய நான்கும் அதில் இணைந்திருந்தன. இரண்டு ஆண்டுகளில் திட்டம் நடைபெறாத பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 68 விழுக்காடு கூடிற்று. நடைபெற்ற பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்தது. கண்டிப்பு சாதிக்க இயலாததைக் கூட்டுறவு சாதித்தது.

சட்டமும் நமக்குத் துணைநிற்கிறது. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்றலாகாது என்பது 2020-இல் வந்த விதி. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-இல் பணித்தது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பிள்ளைகளே கண்டறிய அப்பலகை உதவும். எனினும், விதி பள்ளியின் வாயிலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் செய்ய வேண்டியது நம் சங்கங்களின் பொறுப்பு.

முதலாவது, விளையாட்டு. 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்கு உழைக்க விளையாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஞாயிறு தோறும் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன் அரை மணி நேரம் சடுகுடு, கிளித்தட்டு, பச்சைக் குதிரை ஆகியவற்றைக் கற்றுத் தரலாம். இடம் குறைவாயின் கயிறு தாண்டலும் நொண்டியும் போதும். வட இந்தியக் குளிர்காலத்தில் பனியும் புகையும் மண்டிய காலைகளில் சங்கத்தின் கூடத்திலேயே இவற்றை நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமை கற்ற ஆட்டத்தை மற்ற நாள்களிலும் பிள்ளைகள் தாமே ஆடுவர்.

இரண்டாவது, விழாக்களில் வழங்கும் உணவு. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் பஜ்ஜியும் நிறமூட்டிய பானமுமே பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. 300 மில்லி லிட்டர் இனிப்புப் பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை அடங்கியிருக்கிறது. சேர்க்கும் சர்க்கரை பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுவதுக்குமே 25 கிராமைத் தாண்டலாகாது என்பது அமெரிக்க இருதயச் சங்கத்தின் அறிவுரை. சுண்டலும் நீர்மோரும் வாழைப்பழமும் நம் மரபுக்குப் புதியன அல்ல, செலவும் குறைவே. ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவரும் ஊறுகாயும் அப்பளமும் வடாமும் உப்பு மிகுந்தவை. பெரியவர்களே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதனினும் குறைவே ஏற்றது. ஊர் நினைவுக்குச் சிறிது தொட்டுக்கொள்வதில் குற்றமில்லை. நாள்தோறும் இலையை நிறைப்பதே தவறு.

மூன்றாவது, பாடம். பண்டப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவைப் பிள்ளைகளே படித்துத் தமிழில் எழுதட்டும். தாய்மொழியும் வளரும், அறிவும் வளரும். மூத்த மாணவர் இருவரை இளையோருக்கு வழிகாட்டிகளாக அமர்த்தினால் பயன் இரட்டிப்பாகும்.

கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்னும் எண்ணமும், விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சமும் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. உடல் அசைவு நெஞ்சுக்கு மட்டுமன்றி மனத்துக்கும் ஊக்கம் தருவது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். மெலிந்த பிள்ளையை இகழ்வதும் பருத்த பிள்ளையைக் கேலி செய்வதும் ஒருபோதும் கூடா. பழக்கத்தைத் திருத்துவதே நம் நோக்கம். பிள்ளையை நாணச் செய்வது அன்று.

இறுதியாகப் பெரியோருக்கு ஒரு சொல். சங்கத்தின் வாயிலில் நின்று புகைக்கும் தந்தை, உள்ளே நடக்கும் பாடத்தைப் பயனற்றதாக்குகிறார். பிள்ளைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது மிகுதி. பெரியோர் நடக்க, பிள்ளைகள் பின்தொடர்வர். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கோயில் திருப்பணிக்கும் நாடக விழாவுக்கும் நேரம் ஒதுக்குவது போல, இதற்கும் சிறிது நேரம் ஒதுக்குவோமாக.