கயிற்றைப் பிடிப்பவர் யார்?

(ஆண்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விஷயம் உங்களுக்குத் தெரியும். இந்த வருட ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் ராமாயண நாடகம் போடுகிறார்கள். அனுமன் கடல் தாண்டும் காட்சியில் அனுமனை இரண்டாவது மாடி வராந்தாவிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, கார் நிறுத்துமிடத்துக்கு மேலே பறக்க வைத்து மேடையில் இறக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கமிட்டியில் பாதிப் பேர் "வேண்டவே வேண்டாம்" என்றார்கள். மீதிப் பேர் "ஒரு கயிறு கட்டுவதில் என்ன இருக்கிறது?" என்றார்கள். செயலாளர் அம்மா என்னைப் பேசச் சொன்னார்.

நான் பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கஸுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கு நாடகப் பைத்தியம் உண்டு. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. இந்த இரண்டை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கேட்டது சினிமா பார்த்து வந்த புது ஆசை இல்லை. குறுந்தொகையிலேயே கயிற்றின் மேல் ஆடுகிறவர்களுக்காக அடிக்கும் பறை பேசப்படுகிறது. காற்றில் வாகை நெற்று சலசலக்கும் ஓசைக்கு அந்தப் பறையை உவமையாகச் சொல்கிறார் புலவர். கழைக்கூத்தாடி குடும்பங்கள் மூங்கில் நட்டுக் கயிற்றில் நடப்பதைப் பார்க்காதவர் நம் வயதில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அது வித்தை. நாடகத்துக்குள் உயரம் வந்ததை நான் முதலில் பார்த்தது விழுப்புரம் பக்கம் வேலை பார்த்த காலத்தில். அங்கே திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்து நடக்கும். அதில் ஒரு நாள் அர்ஜுனன் தபசு. வெட்டவெளியில் உயரமான கம்பம் நட்டு, ஏறுவதற்குப் படி அடித்து, உச்சியில் சின்னப் பரண் கட்டியிருப்பார்கள். அர்ஜுனன் வேஷம் போட்டவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார். உச்சிக்குப் போய் சிவ பூஜை செய்து, எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கீழே போடுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள்.

அவர் குட்டிக்கரணம் எதுவும் போடவில்லை. ஏறினார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் பார்க்கிறவர்களின் நெஞ்சும் கூடவே ஏறியது. தவம் என்றால் எவ்வளவு கஷ்டம் என்பதை வசனத்தில் சொல்லாமல் கண்ணால் காட்டிவிட்டார். நாடகத்தில் உயரத்துக்கு அதுதான் வேலை.

வெள்ளைக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். 1970இல் பீட்டர் புரூக் என்ற இயக்குநர் இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை வெறும் வெள்ளைச் சுவர் அரங்கில் போட்டார். தேவதைகள் சர்க்கஸ் ஊஞ்சலில் உட்கார்ந்து பேசினார்கள். மந்திரப் பூவுக்குப் பதிலாகக் கோலின் நுனியில் சுழலும் தட்டு. 2006இல் டிம் சப்பிள் அதே நாடகத்தை இந்திய, இலங்கைக் கலைஞர்களை வைத்துத் தமிழ் உட்பட ஏழு மொழிகளில் போட்டார். நம் நாட்டுக் கலைகளும் கயிறு வித்தையும் அதில் இருந்தன. தேவதைகளின் ராணி, மேலிருந்து தொங்கும் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு அதிலேயே தூங்குவாள். அந்த நாடகம் இங்கிலாந்து வரை போய் வந்தது.

ஆகவே பிள்ளைகளின் ஆசையில் தப்பில்லை. இனி கணக்குக்கு வருகிறேன்.

30 கிலோ எடையுள்ள பிள்ளையைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை மேலே ஒரு கப்பி வழியாகப் போட்டு, மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்கிறார். மேலே கப்பி மாட்டிய கொக்கி எவ்வளவு எடை தாங்குகிறது? 30 கிலோ என்று நினைப்போம். இல்லை, 60 கிலோ. பிள்ளையின் எடை ஒரு பக்கம், பிடித்திருப்பவரின் இழுப்பு மறுபக்கம். பற்றும் வரவும் சமமாக இருக்க வேண்டும் என்று காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது அந்தக் கொக்கிதான். பிள்ளை சட்டென்று இறங்கி, ஒரு குலுக்கலோடு நின்றால் அந்தக் கணத்தில் சுமை இன்னும் பல மடங்கு ஏறும். வராந்தாக் கைப்பிடிக் கம்பி இதற்காகப் போட்டதல்ல.

துவாக்குடியில் இதை நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. பாய்லர் பாகங்களை செயின் பிளாக்கில் தூக்கி இறக்கியே வாழ்க்கை நடத்தியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேர் இருக்கிறீர்கள். இரும்பைத் தூக்கும்போது ஸ்லிங்கையும் ஷாக்கிளையும் பார்க்காமல் தூக்குவீர்களா? பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் "ஒரு கயிறுதானே" என்று எப்படி வாய் வருகிறது?

2010 டிசம்பரில் நியூயார்க் பிராட்வேயில் 'ஸ்பைடர்மேன்' நாடகம். கோடிக்கணக்கில் செலவு, தேர்ந்த கலைஞர்கள். ஒரு நாள் இரவு ஒரு நடிகர் இருபது அடிக்கும் மேலே இருந்து விழுந்தார். கயிறு அறுந்து விழவில்லை. அவர் முதுகில் இருந்த கயிற்றின் மறுமுனையை மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டவில்லை. எலும்புகள் முறிந்தாலும் உயிர் பிழைத்தார், அடுத்த ஆண்டே திரும்பி வந்து நடித்தார். அதற்குப் பிறகு அங்கே கொண்டு வந்த விதிகளில் ஒன்று என்ன தெரியுமா? ஒருவர் மாட்டியதை இரண்டாவது ஆள் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பேங்கில் இதைத்தானே காலமெல்லாம் செய்தோம்! நான் போட்ட வவுச்சரை ஆபீசர் பார்க்காமல் பணம் போகாது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இது யாரையும் சந்தேகப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை. நல்ல மனிதனுக்கும் கை மறக்கும் என்பதால் வைத்தது.

எனக்கே ஒரு பாடம் உண்டு. பன்னிரண்டு வயதில் ஆர்.எஸ். மனோகர் நாடகம் ஒன்றைப் பார்த்து, அதில் வரும் தந்திரக் காட்சிகளில் மயங்கிப்போய், வேப்பமரத்தில் கயிறு கட்டிப் பறந்தேன். முடிச்சுப் போட்டவன் என் உயிர் நண்பன். "நல்லா இறுக்கிக் கட்டிட்டேன்டா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இடது மணிக்கட்டு இன்றும் மழைக்காலத்தில் அதை ஞாபகப்படுத்துகிறது.

பெரிய கவலை ஒன்று இன்னும் இருக்கிறது. 1904இல் லண்டனில் 'பீட்டர் பான்' நாடகத்தில் பிள்ளைகள் பறப்பதைப் பார்த்த குழந்தைகள் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறந்து அடிபட்டார்கள். பெற்றோர் முறையிட்டதும், தேவதைத் தூள் மேலே விழுந்தால்தான் பறக்க முடியும் என்று நாடகத்தில் சேர்த்தார் ஆசிரியர் ஜேம்ஸ் பேரி. நம் வீடுகளில் கட்டில் மட்டுமா இருக்கிறது? ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, அம்மாவின் புடவை இருக்கிறது. புடவை ஊஞ்சலில் கழுத்து சுற்றிக்கொண்டு குழந்தை இறந்தது என்று பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! மேடையில் அனுமன் பறந்தால் மறுநாள் ஐந்து வயது அனுமன்கள் வீட்டுக்கு வீடு கிளம்புவார்கள். அப்போது அவர்கள் பக்கத்தில் இரண்டாவது ஆள் இருக்க மாட்டார்.

ஆகவே என் யோசனை இது. காட்சியை வெட்ட வேண்டாம். இந்த வருடம் அனுமன் தொங்க வேண்டாம், அர்ஜுனன் மாதிரி ஏறட்டும். நாலடி உயரத்துக்குக் கைப்பிடியோடு இரும்புப் படிமேடை ஒன்றை நம் ஆட்களே வெல்டிங் செய்து தரட்டும். அதுதான் மகேந்திர மலை. படிக்கு ஒரு பாட்டு. கீழே பத்துப் பிள்ளைகள் நீலப் புடவையை இரண்டு பக்கமும் பிடித்து அலை அடிக்கட்டும். உச்சியில் அனுமன் கை விரித்து நிற்கும்போது விளக்கு அணையட்டும். அவன் பறந்ததைப் பார்க்கிறவர்கள் மனதில் பார்த்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் முறைப்படி மல்லர் கம்பம் கற்றுக்கொள்ளட்டும். கம்பத்திலும் கயிற்றிலும் செய்கிற அந்தக் கலையைப் பயிற்சியாளரும் மெத்தையும் வைத்துத் தரையிலிருந்து படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்கள் பறக்கிறேன் என்றால், கைதட்ட முதல் வரிசையில் நான் இருப்பேன்.

படிமேடைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். ஒத்திகைக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் ஒருவர் சோதித்துக் கையெழுத்து, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்து. இரண்டாவது கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும். பழகிய வேலை.

முடிவு உங்கள் கையில்.