முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு பாடம்

(கூட்டமைப்பின் பயிற்றுநர்கள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊக்குநராகவும் பிரதிநிதியாகவும் இருந்த நீங்கள் இன்று மற்ற குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறீர்கள். சேமிப்பு, உள்கடன், கணக்குப் புத்தகம் எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஆனால் பாடம் தெரிந்தால் மட்டும் போதுமா? எதிரே உட்கார்ந்திருக்கிறவங்க நம்மை நம்பணும். நம்பினால்தான் வாய் திறப்பாங்க.

நம்ம பகுதியையே பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014-ல் அது மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. ஆகவே நம் பயிற்சிக்கு வருகிறவர்களும் பலவிதம். நிலம் விற்ற குடும்பத்து அம்மா இருப்பாங்க. கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் மருமகள் இருப்பாங்க. கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்கா, வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்ப் பெண் எல்லாரும் இருப்பாங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கி வழிகிறவரை, "அக்கறை இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

நமக்கு நல்ல முன்மாதிரி புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஷீலாராணி சுங்கத் அம்மா மாவட்ட ஆட்சியர். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு வந்த வாத்தியார்கள் அல்ல, தொண்டர்கள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினால்தான் இன்னொருவர் பயமில்லாமல் மிதிக்க முடியும். பயிற்றுநரின் வேலையும் அதுதான். தானே ஓட்டிக் காட்டுவது மட்டும் பயிற்சி ஆகாது.

சரி, நம்பிக்கையை எப்படி வளர்ப்பது?

ஒன்று, அரை மணி முன்னால் போங்கள். பாய் விரிக்கும்போதும் டீ கொடுக்கும்போதும் பேசுகிற பேச்சில்தான் பழக்கம் வரும்.

இரண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "இன்னாரோட சம்சாரம்" என்றே கேட்டுப் பழகியவருக்குத் தன் பெயரைக் கேட்பதே மரியாதை. வயதில் பெரியவர் என்றால் பெயரோடு அக்கா, அம்மா சேருங்கள்.

மூன்று, நாற்காலியில் உட்கார்ந்து பேசாதீர்கள். எல்லோரோடும் வட்டமாக, அதே பாயில் உட்காருங்கள்.

நான்கு, கேட்டது வெளியே போகக் கூடாது. இதை முதல் நாளே சொல்லுங்கள், கடைசி வரை காப்பாற்றுங்கள். ஒரு தடவை பேச்சு ஊருக்குள் போய்விட்டால் அடுத்த பயிற்சிக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஐந்து, பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள் வீட்டுப் பக்கம் போய் விசாரியுங்கள்.

ஒரு கடன் பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாளே ரிசர்வ் வங்கியின் 2022 விதியைச் சொன்னோம். மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுக்கும்போது, குடும்பம் எல்லாக் கடனுக்கும் கட்டும் மாதத் தவணை வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு அக்கா மட்டும் இரண்டு நாளும் பேசவே இல்லை. மூன்றாம் நாள் மதியம், டம்ளர் கழுவும்போது, பக்கத்தில் இருந்த பயிற்றுநரிடம் மெதுவாகச் சொன்னாங்க: "மூணு இடத்துல கடன் இருக்கும்மா. வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஒண்ணைக் கட்ட இன்னொண்ணு வாங்கறேன்."

விதி அவங்களுக்கு முதல் நாளே தெரியும். சொல்வதற்கு ஒரு ஆள்தான் வேண்டியிருந்தது. அவங்க சம்மதத்தோடு குழுத் தலைவியிடம் பேசினோம். தவணை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம். புதுக்கடன் வாங்குவதை நிறுத்தினாங்க. அதிக வட்டிக் கடனை அடைக்க உள்கடன் கிடைத்தது. கடன் முழுவதும் தீரவில்லை, ஆனால் ஒளிந்து வாழ்வது தீர்ந்தது.

அந்த அக்கா பேசாமலே போயிருந்தால்? வருகைப் பதிவேட்டில் மூன்று கையெழுத்து இருந்திருக்கும். பயிற்சி "வெற்றி" என்று அறிக்கையும் போயிருக்கும்.

அதனால் சகோதரிகளே, அடுத்த பயிற்சி முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு இன்னொன்றையும் எழுதுங்கள்: இதுவரை பேசாத எத்தனை பேர் இன்று பேசினார்கள்? அந்த எண்ணிக்கையை அடுத்த மாதக் கூட்டத்தில் கேட்பேன்.