கறுத்ததெல்லாம் காப்பியல்ல



தோட்டப்புறக் குடும்பங்களில் பொழுது காப்பியோடுதான் விடிகிறது. பால்மரம் சீவப் போகிறவரானாலும், செம்பனைக் குலை வெட்டப் போகிறவரானாலும், ஒரு மங்கு காப்பி தொண்டையில் இறங்கிய பிறகே வேலைக்குக் கிளம்புகிறார். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. அப்படி நாள்தோறும் குடிக்கும் அந்த மங்கில் காப்பி எவ்வளவு இருக்கிறது, சீனி எவ்வளவு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? இன்றைய பேச்சில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

காப்பிக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. இலங்கை மலைநாட்டில் தேயிலை வருவதற்கு முன்னால் காப்பித் தோட்டங்களே இருந்தன. அவற்றில் பாடுபட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். 1869-ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலையில் ஒரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களே அழிந்தன. மலாயாவிலும் ரப்பர் வேரூன்றுவதற்கு முன் சிலாங்கூர் போன்ற இடங்களில் காப்பி பயிரிடப்பட்டது. 1890-களின் பிற்பகுதியில் காப்பி விலை சரிந்தபோது அந்த நிலங்களில் ரப்பர் கன்றுகள் ஏறின. ஆக, காப்பிச் செடிக்கு மண் அணைத்தவர்களின் வழிவந்தவர்கள் நம்மிடையே உண்டு. நல்ல காப்பி எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு நிறையவே இருக்கிறது.

காப்பிக்கொட்டையில் மூன்று வகைகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது அராபிக்கா. குளிர்ந்த மேட்டு நிலத்தில் விளைவது; மணம் மிகுந்தது, கசப்புக் குறைந்தது. இரண்டாவது ரொபஸ்டா. தாழ்ந்த நிலத்திலும் விளையும். கசப்பும் காரமும் கூடியது. தூக்கத்தைக் கெடுக்கும் காஃபின் என்னும் பொருள் அராபிக்காவைவிட இதில் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. மூன்றாவது லிபெரிக்கா. உலகச் சந்தையில் இது மிகக் குறைவு. ஆனால் நம் நாட்டில், முக்கியமாக ஜொகூரில், பேர் பெற்றது. கொட்டை பெரியது. பலாப்பழ வாசனை சற்றே தட்டும் என்று அதைச் சுவைத்தவர்கள் சொல்வார்கள்.

எந்த வகையானாலும் நன்றாகக் காய்ச்சினால் நல்ல காப்பிதான். கொட்டையை வறுக்கும் இடத்தில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நம் நாட்டில் பழைய வழக்கப்படி, கொட்டையைச் சீனியும் மர்ஜெரினும் சேர்த்து வறுப்பார்கள். சீனி உருகிக் கருகி, கொட்டையின் மேல் கறுப்பு மெழுகுபோல் படியும். அதனால்தான் கடைக் காப்பி அவ்வளவு கறுப்பாக இருக்கிறது. சில தூள்களில் சோளம், கோதுமை போன்றவையும் வறுத்துக் கலக்கப்படுகின்றன. இது சட்டத்திற்குப் புறம்பானதல்ல. அந்தச் சுவையை விரும்புகிறவர்களும் பலர். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கறுப்பு முழுவதும் காப்பியின் கறுப்பல்ல. கருகிய சீனியின் கறுப்பும் அதில் உண்டு. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பார்களே, அதுபோலக் கறுத்ததெல்லாம் காப்பியல்ல.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கருகிய சீனி இனிக்காது, கசக்கும். கசப்பைத் தணிக்க நாம் மேலும் சீனி போடுகிறோம். அதுவும் போதாதென்று டின் பாலை ஊற்றுகிறோம். சீனியில் தொடங்கி, சீனியை வைத்தே அதை மறைக்கிறோம்! பணமும் போகிறது, உடம்பும் கெடுகிறது.

கடையில் தூள் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். மலாய் மொழியில் ‘ராமுவான்’ என்று போட்டு, சேர்ந்துள்ள பொருள்களை வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். எடையில் எது அதிகமோ அதுவே முதலில் வரும். ‘கோப்பி’ என்பது முதலில் வந்து, வேறொன்றும் இல்லையென்றால் அது தனிக் காப்பி. ‘கூலா’ என்றால் சீனி. ‘ஜாகோங்’ என்றால் சோளம். ‘கண்டும்’ என்றால் கோதுமை. பொட்டலத்தின் முன்பக்கத்தில் ‘கோப்பி சம்புரான்’ என்றிருந்தால் அது கலப்புக் காப்பி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.

கலப்புத் தூள் மலிவாயிற்றே என்று சில தாய்மார்கள் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரைக் கிலோ கலப்புத் தூள் 10 வெள்ளி என்றும், அதில் பாதிதான் காப்பி என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 250 கிராம் காப்பிக்கு 10 வெள்ளி கொடுக்கிறீர்கள். அரைக் கிலோ தனிக் காப்பி 15 வெள்ளி என்றால், 250 கிராமுக்கு ஏழரை வெள்ளிதான் ஆகிறது. எது மலிவு? விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

தூளை வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். தனிக் காப்பித் தூள் சற்று நேரம் மிதக்கும். தண்ணீர் மெதுவாகவே நிறம் மாறும். சிக்கரியோ கருகிய சீனியோ கலந்திருந்தால் பழுப்புக் கோடுகள் விரைவாகக் கீழே இறங்கும்.

மலிவாக இருக்கிறதென்று மாதக்கணக்குக்கு வாங்கி வைக்காதீர்கள். அரைத்த தூளுக்குக் காற்றும் ஈரமும் வெயிலும் பகை. இரண்டு வாரத்திற்குப் போதுமானதை வாங்கி, இறுக மூடும் டின்னில் போட்டு, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

இனி, காய்ச்சும் முறையைச் சொல்கிறேன். பலர் தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியாகிப் போய்விடும். கசப்பு மட்டும் மங்கில் தங்கும். தண்ணீரைத் தனியே கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுங்கள். நான்கு மங்கு காப்பிக்கு, அதாவது ஏறக்குறைய 600 மில்லி லிட்டர் தண்ணீருக்கு, மேசைக் கரண்டியால் குவித்து நான்கு கரண்டித் தூள் போதும். தூளைத் துணிப்பையில் போட்டு, பையைக் கூஜாவுக்குள் தொங்கவிட்டு, முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றுங்கள். தூள் நனைந்து பொங்கி வரும். பிறகு மீதி நீரை ஊற்றி மூடி, நான்கு நிமிடம் கழித்துப் பையை எடுத்துவிடுங்கள். பையைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் கசப்பு இறங்கும். ஒரு முறை வடித்த தூளில் மறுபடி நீர் ஊற்றிக் குடிப்பது சிக்கனமல்ல. அதில் மிஞ்சியிருப்பது கசப்புதான்.

துணிப்பை புதிதாக இருந்தால் முதலில் வெந்நீரில் கொதிக்க வைத்து அலசுங்கள். சவர்க்காரம் போடாதீர்கள், அந்த வாடை போகாது. தினமும் அலசி வெயிலில் காய வையுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் பையை மாற்றிவிடுங்கள். பித்தளை வடிகட்டியில் டிக்காஷன் இறக்கும் வீடுகளிலும் இதே விதிதான்: புதுத் தூள், கொதித்து அடங்கிய நீர், சுத்தமான பாத்திரம்.

வேலைக்காட்டுக்குப் பிளாஸ்கில் காப்பி கொண்டு போகிறவர்கள், முதலில் வெந்நீர் ஊற்றிப் பிளாஸ்கைச் சூடாக்கிவிட்டு, வரக்காப்பியாக ஊற்றிக்கொள்ளுங்கள். பால் கலந்தால் விரைவில் கெட்டுப்போகும்.

இப்போது சீனிக்கு வருவோம். ஒருவர் நாளைக்கு நான்கு மங்கு குடிக்கிறார், மங்குக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ! ஒரு பெரியவர் நாள் முழுதும் உண்பது, குடிப்பது எல்லாவற்றிலும் சேர்த்து ஏறக்குறைய இந்த 50 கிராமைத் தாண்டக்கூடாது என்றும், அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நம் வீட்டுக்காரரோ காப்பியிலேயே எல்லையைத் தொட்டுவிட்டார். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். கால் புண் ஆறாமல் கிடப்பவர்களையும், பார்வை மங்கியவர்களையும் நாம் அக்கம் பக்கத்தில் பார்க்கிறோம். இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது.

டின் பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டின்கள் பலவற்றில் ‘கிரிமெர் மானிஸ்’ என்று எழுதியிருக்கும். அது பாலல்ல, சீனியும் செம்பனை எண்ணெயும் சிறிது பால் பொருளும் சேர்ந்த ஒன்று. ஏறக்குறைய பாதி சீனிதான். அதைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. காப்பிக்குப் பால் வேண்டுமென்றால் சீனி சேராத பாலையோ பால் மாவையோ கலந்துகொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பொட்டலக் காப்பியிலும் ‘ராமுவான்’ வரிசையைப் பாருங்கள். பெரும்பாலும் காப்பியின் பெயர் சீனிக்குப் பின்னால்தான் நிற்கும்.

சீனியை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்திற்கு அரைக் கரண்டி குறையுங்கள். நாக்கு தானே பழகிவிடும். கசப்பில்லாத நல்ல காப்பியாக இருந்தால் இன்னும் எளிதாகப் பழகும். நல்ல தூள் வாங்குவதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் காப்பி தடுக்கும். ஆகவே இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் காப்பி குடிக்க வேண்டாம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகள் நாளைக்கு ஒரு மங்கு, மிஞ்சினால் இரண்டு மங்கு என்று நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்தது, சிறு பிள்ளைகளுக்குக் காப்பி உணவாகாது. வெறும் வரக்காப்பியும் ரொட்டித் துண்டும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால், பிள்ளையின் பசி சற்று நேரம் மறக்குமே தவிர வயிறு நிறையாது. ஒரு முட்டையோ, கொஞ்சம் கச்சானோ, ஒரு குவளைப் பாலோ கொடுங்கள்.

ஆகவே நேயர்களே, பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள், கொஞ்சமாக வாங்குங்கள், தூளைக் கொதிக்க விடாதீர்கள், சீனியை வாரம் அரைக் கரண்டி குறையுங்கள். வருகிற சம்பளத்தில் வாங்கும் முதல் காப்பிப் பொட்டலத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். பாடுபட்டுச் சம்பாதித்த காசுக்குக் காப்பியை வாங்குங்கள், கருகிய சீனியை வாங்காதீர்கள்.