வேலை கொடுத்தவர் எங்கே?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கள்ளத்தோணி என்றொரு சொல் உண்டு. அனுமதியின்றிக் கடல் கடந்து இலங்கைக்குச் சென்ற தமிழனைக் குறிக்க வழங்கிய சொல் அது. பின்னர், அம்மண்ணிலேயே பிறந்து தேயிலை கிள்ளிய தோட்டத் தமிழரையும் அச்சொல்லால் இழித்துரைத்தார்கள். தோணியில் சென்றவனுக்குப் பெயர் வைத்த உலகம், அவனைக் கரையில் எதிர்கொண்டு குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டவருக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. இன்று யான் பேச விழைவது அந்தப் பெயரில்லாத மனிதரைப் பற்றி.

பொறுப்பு முதலாளியைச் சாரும் என்பது புதுக் கருத்தன்று. மலாயாவில் 1907ஆம் ஆண்டு தமிழர் குடிவரவு நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் ஆள் கணக்கில் அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும்; அதிலிருந்தே தொழிலாளரின் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. முதலாளிகளின் வசதி கருதியே அந்த ஏற்பாடு நடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஆளால் பயன் பெறுபவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற நெறி அதில் இருந்தது. இலங்கையிலோ வழிச்செலவு தொழிலாளியின் தலையில் கடனாய் ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், கடன் தீர்ந்தால் ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அதன் நிழல் ஒழிந்தபாடில்லை.

இன்றைய மலேசியாவைக் காண்போம். உணவகங்களிலும் தோட்டங்களிலும் நம் நாட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் உழைக்கின்றனர். அங்கே வேலை செய்வதற்கான அனுமதிச் சீட்டு, குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டது. அதைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவரே. அவர் தவறினால், விடிந்ததும் தொழிலாளி சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுகிறான். கூலி வராமையால் அவன் வேறிடம் சென்றாலும் அதே கதிதான். பிறர் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தல் அந்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் பூட்டி வைக்கும் வழக்கம் நின்றபாடில்லை. ஆகவே பலரைக் கள்ளக் குடியேறி ஆக்கியது கடலன்று, முதலாளியின் மேசை இழுப்பறை.

சட்டத்தில் குறையில்லை. அனுமதியற்றவரை வேலைக்கு வைப்போருக்கு ஆளொன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஐவருக்கு மேல் வைத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அனுமதியின்றி நுழைந்த தொழிலாளிக்கும் பிரம்படி வந்தது. ஏட்டில் இருவரும் சமம்! 2002க்கும் 2008க்கும் இடையே பிரம்படி பட்ட வெளிநாட்டார் 30,000க்கு மேற்பட்டோர். முதலாளி ஒருவர் அடிபட்டதாக யான் எங்கும் படித்ததில்லை.

அமெரிக்கர் இதை ஒளிக்கவும் இல்லை. அனுமதியற்றவருக்கு அடைக்கலம் கொடுத்தல் குற்றம் என்று 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதியவர்கள், வேலை கொடுத்தல் அடைக்கலம் ஆகாது என்றும் கூடவே எழுதினார்கள். டெக்ஸாஸ் பண்ணையார்களின் செல்வாக்கு அத்தகையது. 1986இல்தான் அந்த ஓட்டை அடைபட்டது. ஆட்களின் ஆவணங்களைப் பார்த்துப் படிவம் நிரப்பும் கடமை முதலாளிக்கு வந்தது. ஆனால், ‘தெரிந்தே வைத்தார்’ என்று மெய்ப்பித்தாலன்றித் தண்டனையில்லை. தெரியாதவர்போல் இருப்பது எத்துணை எளிது என்பதை இந்நகரின் காண்டிராக்டர்களைக் கண்ட நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

முதலாளியைத் தண்டிப்பதால் மட்டும் தொழிலாளியின் வயிறு நிறையாது. அதிகாரி வருகிறார் என்றதும் கூலியைக் கொடாமல் விரட்டிவிடுவது முதலாளிக்கு இலாபம். சங்கம் சேர முயன்றதற்காக நீக்கப்பட்ட, அனுமதியற்ற தொழிலாளி ஒருவருக்கு, வேலையிழந்த காலத்துக் கூலி கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு, அனுமதியற்றவனை வைத்திருப்பதை முதலாளிக்கு இன்னும் மலிவாக்கியது என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் வேறு வழி சென்றது. ஆளுக்கு அனுமதி இல்லையென்றாலும், செய்த வேலைக்குரிய கூலியை முதலாளி கொடுத்தே தீர வேண்டும். எத்தனை நாள் வேலை செய்தான் என்பதற்குச் சான்றில்லையேல், குறைந்தது மூன்று மாதம் செய்தான் என்று கொள்ள வேண்டும். முதலாளி அதை மறுப்பின் மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. ஏழைக்கு உதவும் சட்டம் இப்படி அமைய வேண்டும்.

நம் நாட்டவர் வென்ற வழக்கும் ஒன்றுண்டு. கத்ரீனா புயலுக்குப் பின் 2006இல், சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 500 வெல்டர்களையும் குழாய்த் தொழிலாளரையும் வரவழைத்தது. ஆட்களைத் திரட்டியது நம் மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம். ஆளுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்துச் சென்றார்கள். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு கிடைக்கும் என்பது வாக்குறுதி. கிடைத்ததோ அறைக்கு 24 பேர் அடைந்த முகாம், அதற்கு மாதம் 1,050 டாலர் பிடித்தம். விசா அந்நிறுவனத்தோடு பிணைந்தது, வெளியேறினால் அனுமதியிழப்பு. எனினும் 2008இல் பலர் வெளியேறி வாஷிங்டன் வரை சென்று முறையிட்டார்கள். 2015 பிப்ரவரியில், முதல் ஐவருக்கு 1 கோடியே 40 இலட்சம் டாலர் இழப்பீடு கொடுக்குமாறு நியூ ஆர்லியன்ஸ் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

அவர்கள் வெல்ல முடிந்ததற்கு ஒரு காரணம், எதிரியின் பெயர் தாளில் இருந்தது. சுற்றுலா விசாவில் செல்பவனுக்கு அதுவும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவன் மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதைத் தவிர்க்கவே ஏஜெண்டு அவனைச் சுற்றுலாப் பயணியாக்குகிறார். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாமல் ஆள் திரட்டுதல் குற்றம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் வரியும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. இலட்சம் கேட்பவரிடம் பதிவெண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

திலக் நகரிலும் செம்பூரிலும் நம் வீடுகளில் தங்கி விமானம் ஏறும் பிள்ளைகள் பலர். ஆதலின் ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். செல்பவனின் பெயர், வேலை கொடுப்பவரின் பெயரும் முகவரியும், ஏஜெண்டின் பதிவெண், கொடுத்த பணம், பேசிய சம்பளம், பாஸ்போர்ட்டின் நகல் ஆகியவை அதில் இருக்கட்டும். முதலாளியின் பெயர் தெரியவில்லை என்று பையன் சொன்னால், பயணச்சீட்டு வாங்குமுன் மும்பையிலுள்ள பாதுகாவலர் அலுவலகத்திற்கு அவனை நம்மில் ஒருவர் அழைத்துச் செல்வோம். ஞாயிறு காலைகளில் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் முன்வந்தால், வரும் வாரமே தொடங்கிவிடலாம்.