சுருண்டு நிற்கும் சோளத்தோகை



திருமங்கலத்தைத் தாண்டிப் பேரையூர்ப் பக்கம் போனால் கரிசல் காடுகள். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிச் சோளம் அங்கே வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கிறது. ஐப்பசியில் மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் நடுப்பகலில் தோகைகள் குழல்போலச் சுருண்டுவிடும். பார்க்கிற நமக்கு மனசு பதறும். ஆனால் அந்த நேரத்தில் பயிர் தன் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், உணவு தயாராகும். அதே துளை வழியாகத்தான் நீரும் வெளியேறுகிறது. மண் காயத் தொடங்கியதும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். 1960களில் கண்டறியப்பட்ட பொருள் இது. துளையின் இருபுறமும் காவல் செல்கள் உண்டு. இந்த ஹார்மோன் எட்டியதும் அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், பின்னாலேயே நீரும் போகும். செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும்.

தோகை சுருளுவதால் வெயில் படும் பரப்பும் குறைகிறது. தட்டையைத் தடவினால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டுமே, அது நீரிழப்பைத் தடுக்கும் மெழுகு. செல்களுக்குள்ளே புரோலினும் சர்க்கரையும் சேர்ந்து, இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. மேலே வளர்ச்சி நின்றாலும் வேர் ஈரம் தேடிக் கீழே இறங்குகிறது. சோளத்தின் வேர் ஒன்றரை மீட்டர் ஆழம்கூடப் போகும்.

பக்கத்துக் காட்டுக் குதிரைவாலிக்கு வேறு வழி. ஏறக்குறைய மூன்று மாதத்தில் விளைந்து, கடும் வறட்சி வருமுன் அறுவடைக்கு வந்துவிடுகிறது.

மாடு வளர்ப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சோளத்தில் துரின் என்ற பொருள் இருக்கிறது. இளம்பயிர் வறட்சியில் வாடும்போது அது கூடுகிறது. மாடு மென்றதும் அதிலிருந்து சயனைடு பிறக்கும். சில நிமிடங்களிலேயே மாடு சாய்ந்துவிடக்கூடும். மழைக்குப் பின் புதிதாக வெடிக்கும் இளந்தளிரிலும் இதே ஆபத்து உண்டு. வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை விடாதே என்று பெரியவர்கள் தடுத்ததற்கு அறிவியல் சொல்லும் காரணம் இதுதான். கதிர் முற்றி அறுத்து, நன்றாகக் காயவைத்த தட்டையில் இந்த நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும்.

பயிர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காலையில் போய்ப் பாருங்கள். மதியம் சுருண்ட தோகை இரவில் விரிந்து, விடியும்போது நிமிர்ந்திருந்தால் வேருக்கு இன்னும் ஈரம் எட்டுகிறது. விடிந்தும் சுருண்டே கிடந்தால் மண் வறண்டுவிட்டது.

வளரும் பருவத்து வாட்டத்தைச் சோளம் ஓரளவு பொறுக்கும். வளர்ச்சியை நிறுத்திவைத்து, மழை வந்ததும் தொடரும். கதிர் பொதியில் இருக்கும்போதும் பூக்கும்போதும் அந்தப் பொறுமை இல்லை. அப்போது ஈரம் இல்லையென்றால் கதிர் முழுதாக வெளிவராது, மணியும் பிடிக்காது. பிறகு பெய்யும் மழை அந்த இழப்பை ஈடுகட்டாது. ஆகவே பண்ணைக்குட்டையில் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்சத்தான் நீர் இருக்கிறதென்றால், முழங்கால் உயரப் பயிர் மதியத்தில் சுருளுவதைப் பார்த்து இறைத்துவிடாதீர்கள். கதிர் பொதி தள்ளும் நாட்களுக்கு அதை வைத்திருங்கள்.