பதினான்கில் இல்லாத இடம்



கன்னிவாடிப் பக்கத்திலிருந்து தருமத்துப்பட்டி வழியாக மலையேறினால் பன்றிமலை, ஆடலூர் என்று காப்பித் தோட்டங்கள் வரும். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் பளியர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். தேன், கடுக்காய், நெல்லி என்று காட்டை நம்பியிருந்தவர்கள். இன்று பலருக்குத் தோட்டக் கூலிதான் வருமானம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கீழே கட் ஆஃப் பற்றித்தான் பேச்சு. மேலே அந்தப் பேச்சு நடக்கும் வீடுகள் குறைவு. இட ஒதுக்கீடு இருந்துமா என்று கேட்பீர்கள். இருந்தும்தான்.

கொஞ்சம் பழைய கதை. சுதந்திரம் வந்த காலத்தில் சென்னை மாகாண மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களை ஒரு கட்டாக வைத்துப் பிரித்தார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மலைவாழ் மக்களுக்கென்று ஒன்றுகூட அதில் கிடையாது.

இப்படிப் பிரித்த அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் என்பவர் வழக்குப் போட்டார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. இரண்டே மாதத்தில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. அதில் சேர்ந்த 15(4) பிரிவு, பிற்படுத்தப்பட்டோரோடு பட்டியல் பழங்குடியினரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பதினான்கில் இல்லாதவர்கள் அந்தப் பிரிவில் ஏறினார்கள்.

ஆனாலும் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்துத்தான் 18 சதவீதம் இருந்தது. 1990 வாக்கில்தான் பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாக வந்தது. மாநிலத்தின் இன்றைய 69 சதவீத ஒதுக்கீட்டில் அதுவும் அடக்கம்.

அமெரிக்காவில் கல்லூரி இட ஒதுக்கீடு வேறு மாதிரிப் போனது. கலிபோர்னியாவில் ஒரு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது. 1978இல் பாக்கி என்பவரின் வழக்கில் அந்த ஒதுக்கீடு கூடாது என்று தீர்ப்பானது. பல இனத்தவரும் கலந்து படிப்பது கல்விக்கு நல்லது, அதற்காக இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவைத்தார்கள். 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கில் அதுவும் போயிற்று. கல்லூரிக்கு நல்லது என்று வாதாடினால், நல்லதா இல்லையா என்பதைக் கடைசியில் கல்லூரியும் நீதிபதியும்தான் முடிவு செய்வார்கள். நம் ஊர் வாதம் ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு பற்றியது. எனக்கு இதுதான் பலமான வாதமாகப் படுகிறது.

பங்கைப் பிரிப்பதில்தான் சிக்கல். 2011இல் தமிழ்நாட்டுப் பட்டியலில் 36 பழங்குடிச் சமூகங்கள் இருந்தன. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்தம் சுமார் 7.95 லட்சம் பேர். அதில் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்தினர் மட்டுமே மூன்றரை லட்சத்துக்கு மேல். நூறு இடமுள்ள கல்லூரியில் பழங்குடியினர் அத்தனை பேருக்கும் ஒரு நாற்காலி. தோடர், இருளர் உள்பட ஆறு சமூகங்களுக்குப் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்ற தனிப்பட்டியல் உண்டு. பளியர் அதிலும் இல்லை. பட்டியல் சாதியினரில் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்த மாநிலம் இது. அந்த 18க்குள் பார்த்ததை இந்த ஒன்றுக்குள்ளும் பார்க்க வேண்டாமா?

அந்த நாற்காலிக்குப் போட்டியிடுவதற்கு முன்பே ஒரு காகிதம் வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போதும். பழங்குடியினர் சான்றிதழை 1989 முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பழங்குடி அல்லாதவர்கள் போலிச் சான்றிதழ் வாங்கியதால் வந்த கட்டுப்பாடு இது. யாரைக் காப்பாற்றப் பூட்டினார்களோ, அவர்களே வெளியே நிற்கிறார்கள். அப்பா பெயரில் பழைய சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால், பள்ளிக்கூடமே போகாத அப்பா எதைக் காட்டுவார்? சான்றிதழ் தாமதமானால் கவுன்சலிங் தேதி காத்திருக்காது.

கோட்டாட்சியர் வருஷத்துக்கு ஒரு முறையாவது மலைக் குடியிருப்புகளுக்கே போய், அங்கேயே விசாரித்து, அங்கேயே சான்றிதழ் கொடுக்கலாம். அதுவரை, இதைக் கேட்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன்: பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை இருக்காதீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.